எனக்கு ஒட்டிய கண்ணீர் அஞ்சலி

கபடி ஃபைனல் வந்துவிட்டால் புதுக்கோட்டையில் எங்கள் இரண்டு கல்லூரிகளின் பயல்களுக்கும் கிறுக்குப் பிடித்துவிடும். மைதானத்தில் யார் ஜெயிக்கிறார்கள் என்பதெல்லாம் அப்புறம். ஊர் யார் பக்கம் என்பதுதான் முதல் பேச்சு. நாங்கள் பச்சை ரிப்பன், அவர்கள் மஞ்சள். ஆட்டோவில், மினி பஸ் கண்ணாடியில், டீக்கடை பாய்லரில்கூடக் கட்டிவிட்டு வருவோம். அந்த வருஷம் ஊரே மஞ்சளாகக் கிடந்தது. பச்சை அணிக்கு கேப்டன் நான். வயிறு எரியாதா?

ஃபைனலுக்கு முதல் நாள் மஞ்சள்காரப் பயல்கள் பஸ் ஸ்டாண்டு சுவரில் எனக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். என் போட்டோ, அதற்கு மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. அடியில் பொடி எழுத்தில், 'நாளை தோற்கப்போகும் கேப்டன்' என்று நக்கல். எங்களுக்குள் இதெல்லாம் சகஜம். நானே அதன் முன்னால் பல்லைக் காட்டி செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். ஊர்ப்பக்கத்துச் சனம் சாவுச் செய்தியை அந்தச் சுவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது என்பது இந்த மண்டையில் ஏறவே இல்லை.

மத்தியானம் ஆத்தா எங்கள் ஊர் கட்டுமாவடி பஸ்ஸில் வந்து இறங்கினாள். பெற்றவளை நாங்கள் ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். மறுநாள் விளையாடப்போகிற மகனுக்கு நண்டு வறுத்துத் தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. மாலை போட்ட போட்டோ தெரியும்.

"அய்யோ, எம் மவனே! காலைலதானடா போன்ல பேசுன! ஒனக்குப் பதிலா என்னயக் கொண்டு போயிருக்கக் கூடாதா!"

எதிரே டீக்கடையில் நின்ற எனக்குக் குரல் தெரிந்துவிட்டது. ரோட்டைக் கடந்து ஓடுவதற்குள் தரையில் விழுந்து மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். நண்டு அங்கிட்டும் இங்கிட்டுமாகச் சிதறிக் கிடந்தது. "ஆத்தா, இங்கதான இருக்கேன்!" என்றேன். என் முகத்தைத் தடவிப் பார்த்தாள். பளாரென்று ஒன்று விட்டாள். அப்புறம் கட்டிக்கொண்டு அழுதாள். மஞ்சள்காரர்களே ஓடிவந்து போஸ்டரைக் கிழித்து, "மன்னிச்சிருங்கம்மா" என்று அவள் காலில் விழுந்தார்கள்.

என் கூட்டாளி ஒருவன் எல்லாவற்றையும் போனில் எடுத்திருந்தான். ஆத்தாவை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் போட்டுக் காட்டினான்.

"மாப்ள, இதப் போட்டா டவுனே நம்ம பக்கம்டா. போடவா?"

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ச்சீ, நானெல்லாம் ஒரு மகன்.

சாயங்காலத்துக்குள் ஊர் பச்சையாகிவிட்டது. "பெத்தவள அழவச்சவனுகளுக்கா சப்போர்ட்டு?" என்று ஆட்டோக்காரர்களே தேடிவந்து ரிப்பன் வாங்கிப்போனார்கள். மறுநாள் மைதானம் முழுக்க எங்கள் சத்தம்தான். ஜெயித்தோம். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள்.

கோப்பையோடு வீட்டுக்குப் போனேன். ஆத்தா மீன் அரிந்துகொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"நான் அழுவுறது எல்லார் போன்லயும் ஓடுதாமுல்ல தம்பி. பக்கத்து வீட்டுக்காரி காட்டுறேன்னா. வெக்கமா இருந்துச்சு, வேணாம்னுட்டேன்."

அரிவாள்மணையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகக் கேட்டாள்.

"அதுல மாராப்பெல்லாம் சரியா இருக்கா? அந்நேரம் எனக்கு நெனப்பில்ல."

"சரியா இருக்கு ஆத்தா" என்றேன். சரியாக இல்லை என்பது அதைப் போடுவதற்கு முன்பே எனக்குத் தெரியும்.