மறுபடி சிவந்த நாள்

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அவருக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர் தொட்டாச்சிணுங்கி. ஆள் என்னவோ ஆறடி. ஸ்டெப்னி டயரை ஒற்றை ஆளாகத் தூக்கி மாட்டிவிடுவார். ஆனால் சவரம் செய்யும்போது துளி ரத்தம் கண்ணில் பட்டால் போதும், சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவார். வேனில் ஏறும்போது ஏதாவது பிள்ளை விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால், அந்தப் பிள்ளைதான் இவருக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்ட வேண்டியிருக்கும்.

அப்பேர்ப்பட்டவருக்கு மகள் பிறந்தாள். சுகப்பிரசவம். வீட்டுக்கு அனுப்புகிற அன்று வார்டு நர்ஸ் அவரையும் கூப்பிட்டு மனைவியின் கட்டிலருகே உட்காரவைத்தார். கர்ப்பப்பை சுருங்கிப் பழைய அளவுக்கு வரும்வரை ரத்தம் போகும், பயப்பட வேண்டாம் என்றார். முதல் சில நாள் மாதவிலக்கைவிட அதிகமாகவே, நல்ல சிவப்பாகப் போகும். பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். போகப்போகப் பழுப்பாகி, வெளுத்து, ஆறு வாரம் வாக்கில் நின்றுவிடும். அவர் நெற்றி வியர்க்கத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இதை மட்டும் மறந்துடாதீங்க," என்றார் நர்ஸ். "குறைஞ்சுக்கிட்டேதான் வரணும். குறைஞ்சது திரும்பச் சிவப்பாக் கொட்டினாலோ, ஒரு மணி நேரத்துக்குள்ள ஒரு நாப்கின் முழுசா நனைஞ்சாலோ, பெரிய கட்டியா விழுந்தாலோ, காய்ச்சல், நாத்தம், தலைசுத்தல் எது இருந்தாலும், யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க. கிளம்பி வந்துடுங்க."

வீட்டுக்கு வந்தபின் தினமும் விசாரிக்க வேண்டும் என்று நினைப்பார். ரத்தம் என்ற சொல் தொண்டையோடு நின்றுவிடும். கடைசியில் டிரைவர் புத்தி கைகொடுத்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "சிக்னல் என்ன?" என்பார். உள்ளேயிருந்து மனைவி, "இன்னும் சிவப்புதான்," என்பாள். பத்து நாள் போனபின், "பழுப்புக்கு வந்தாச்சு," என்று அவள் சொன்னபோது, தானே பரீட்சையில் தேறியதுபோல் அன்று முழுக்க விசிலடித்தபடி வண்டி ஓட்டினார்.

ஒத்தாசைக்கு அவருடைய அக்கா வந்திருந்தாள். துணி துவைப்பதும் சமைப்பதும் குழந்தையைக் குளிப்பாட்டுவதுமாக ஒரு நிமிஷம் உட்கார மாட்டாள். மனைவி தையல்காரி. கொஞ்சம் தெம்பு வந்ததும் கை சும்மா இருக்கவில்லை. பாதியில் நின்ற சீருடைச் சட்டைகளை எடுத்துக்கொண்டு மிஷின் முன் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அவர் வீடு திரும்பியபோது, அக்கா மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வழக்கம்போல் வாசலில் நின்று கேட்டார். பதில் இல்லை. உள்ளே போனார். மனைவி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"திரும்பச் சிவப்பாயிடுச்சுங்க," என்றாள். "மிஷின்ல உட்கார்ந்ததால இருக்கும், படுத்தா நின்னுடும்னு பார்த்தேன். நீங்க போனப்புறம் ரெண்டு தடவை மாத்திட்டேன். கட்டியும் விழுந்துச்சு."

"எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"பண்ணி? நீங்க மயங்கி விழுந்துட்டா அத்தனை பிள்ளைங்களோட வேனை யாரு ஓட்றது?"

அதற்குள் அக்கா கீழே வந்துவிட்டாள். கெட்ட ரத்தம் போனால் நல்லதுதான், சாயங்காலத்துக்குள் நின்றுவிடும், பச்சை உடம்புக்காரியை வெயிலில் அலைக்கழிக்காதே என்றாள். அக்கா கிழித்த கோட்டை அவர் அதுவரை தாண்டியதில்லை.

"அக்கா, அது கெட்ட ரத்தம் இல்ல," என்றார். "இவ ரத்தம். நீ பாப்பாவைத் தூக்கிட்டு வா."

மனைவியை இரண்டு கைகளிலும் ஏந்தினார். முழங்கை வரை ஈரம் பட்டது. பார்த்தார். காது இரைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு படியிறங்கி, வேனின் நீளச் சீட்டில் அவளைப் படுக்கவைத்தார். மத்தியானம் பிள்ளைகளைக் கூட்டிவரச் சொல்லி இன்னொரு டிரைவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் அவளை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். ஊசி போட்டு, டிரிப் ஏற்றி, ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், நஞ்சுக்கொடியின் சின்னத் துணுக்கு ஒன்று உள்ளேயே தங்கியிருந்தது. அதனால்தான் கர்ப்பப்பை முழுசாகச் சுருங்கவில்லை. மிஷின் மேல் பழி இல்லை, அவள் மேலும் இல்லை என்றார் டாக்டர். மயக்கம் கொடுத்துத் துணுக்கை எடுத்தார்கள். ரத்தமும் ஏற்ற வேண்டியிருந்தது. கொக்கியில் தொங்கிய சிவப்புப் பையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதை, மறுபுறம் திரும்பாமல், அவர் பார்த்தபடியே நின்றார்.

வெளியே பெஞ்சில் அக்கா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சொல்லை மீறியதில் கோபமாக்கும் என்று நினைத்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"என் ரெண்டாவது பிரசவத்துல எனக்கும் இப்படித்தான்டா கொட்டுச்சு," என்றாள் அக்கா. "எழுந்து நிக்க முடியாது. கேட்கவும் ஆள் இல்ல. பொம்பளைக்கு இதெல்லாம் உள்ளதுதான்னு கிடந்தேன். பிழைச்சது என் நல்ல நேரம்னு இப்பதான் தெரியுது."

தம்பிக்கு இது தெரியாது. அப்போது அவர் அதே வீட்டில், அடுத்த அறையில்தான் இருந்தார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் வீடு திரும்பினார்கள். இரும்புச்சத்து மாத்திரை, கீரை, ஓய்வு. மிஷினின் பெல்ட்டைக் கழற்றி அக்கா தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். கேட்டால் சாவி தொலைந்துவிட்டது என்பாள். ரத்தப்போக்கு மெல்லக் குறைந்து, வெளுத்து, நின்றது.

கடைசிப் பரிசோதனையன்று எல்லாம் நலம் என்று டாக்டர் சொன்னபிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. பளு தூக்கலாமா, மாத்திரை எதுவரை, அடுத்த மாதவிலக்கு எப்போது என்று கேட்டுக்கொண்டே போனார். அடுத்த பிரசவத்துக்கு நீங்களே வந்து படுத்துக்கொள்ளுங்கள் என்று நர்ஸ் சிரித்தார்.

திரும்பும்போது மனைவி முன்சீட்டில் உட்கார்ந்தாள். குழந்தை தூங்கிவிட்டது.

"கொஞ்சம் மெதுவாப் போங்க, முழிச்சுக்கப் போறா."

"இதுக்கு மேல மெதுவாப் போனா பின்னாடி வர்ற சைக்கிள்காரன் திட்டுவான்."

சொன்னாலும் கியரைக் குறைத்தார். சைக்கிள்காரன் மணியடித்தபடி முந்திக்கொண்டு போனான்.