கன்னத்தின் அசல்

ஊரே அவரை 'சிரிங்கண்ணே' என்றுதான் கூப்பிடும். தன் போட்டோ ஸ்டுடியோவில் கேமராவுக்குப் பின்னால் நின்று அதையே சொல்லிச் சொல்லி, அதுவே பேராகிவிட்டது. அன்று விளக்கு மாட்ட ஏறியவர் ஸ்டூலோடு சரிந்தார். இடது கன்னம் மேசை விளிம்பில் மோதியது.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "கன்னத்து எலும்பு உடைஞ்சு உள்ள போயிருக்கு. அதான் கன்னம் மரத்துப்போய், எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. தூக்கி நிறுத்தி பிளேட் வெச்சுடலாம். ஆனா வீக்கத்துல பழைய முகமே தெரியல. முன்னாடி எடுத்த போட்டோ இருக்கா?" என்றார்.

சிரிங்கண்ணே பெருமையாகப் பர்ஸிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "ரெண்டு கன்னமும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கே! யாருக்கும் இப்படி இருக்காதே."

சிரிங்கண்ணே மெல்லப் படத்தைத் திரும்ப வாங்கப் பார்த்தார். கம்ப்யூட்டரில் தன் கன்னத்தைத் தானே சீர்படுத்திய படம் அது.

"ஊர் மூஞ்சியைத் திருத்துனது போதாதுன்னு..." என்று முணுமுணுத்த மனைவி, தன் பையிலிருந்து கசங்கிய படமொன்றை எடுத்தாள். திருத்தாத படம், அவர் குப்பையில் வீசியது. அதில் இடது கன்னம் லேசாகச் சப்பை. "நான் கட்டிக்கிட்டது இந்த மூஞ்சியத்தான் டாக்டர். இதையே வெச்சுடுங்க."

வைத்தார்கள், அதே சப்பையோடு.

இப்போது யாராவது "கன்னத்தைக் கொஞ்சம் சரி பண்ணிடுங்கண்ணே" என்றால் அவருக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. "பண்றேன். அசலை எடுத்து வெச்சுக்க உன் வீட்டுல ஆள் இருக்கா?"