கேட்டில் சாய்ந்த புல்லட்

நின்றுகொண்டிருந்த வண்டியிலிருந்து பொங்கியண்ணன் கீழே விழுந்துவிட்டாராம். அதுவும் சோமனூர்ப் பக்கத்து ரயில்வே கேட்டில், அத்தனை பேரும் வண்டியை நிறுத்திவிட்டு ரயிலுக்குக் காத்திருந்த நேரத்திலாம். சொன்னவள் ரோஸ்மேரி. அவளுக்குச் சொன்னவன் துணி ஏற்றி வரும் டெம்போ டிரைவர் சுடலை. சுடலையும் கண்ணால் பார்க்கவில்லை. கேட்டை ஒட்டிய டீக்கடையில் காதில் விழுந்ததுதான்.

"ஓடுற வண்டியிலேருந்து விழுந்தா ஆக்ஸிடெண்டுன்னு சொல்லலாம். நிக்கிற வண்டியிலேருந்து விழுந்தா அதுக்கு என்ன பேரு மாரியண்ணே?" என்று ரோஸ்மேரி கேட்டாள்.

"அதுக்குப் பேரு பார்க்கிங்" என்றான் மாரிச்செல்வம்.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. புல்லட்டில் ஏறினால் யானைமேல் ஏறியவர்போல முதுகை நிமிர்த்தி வரும் மனுஷன், கிளிப்பச்சை டி-ஷர்ட்டோடு தார்ரோட்டில் மல்லாந்து கிடந்தாராம் என்று நினைக்க நினைக்கச் சிரிப்பு வந்தது. "டி-ஷர்ட் கிளிப்பச்சையா? நல்லாக் கேட்டியா?" என்று இன்னொரு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டான். அவனுக்கு அந்த நிறம் தேவைப்பட்டது.

மாரிச்செல்வம் விளாத்திகுளம் பக்கத்துக்காரன். மீசை முளைக்கும் முன்னே பெரியப்பா மகனோடு பஸ் ஏறித் திருப்பூர் வந்து, நூல் வெட்டும் வேலையில் தொடங்கி, ஓவர்லாக் மிஷின் பழகி, இப்போது ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மனைவி விஜயராணியும் பனியன் கம்பெனியில்தான் வேலை. ஊர்ப்பேச்சும் இந்த ஊர்ப்பேச்சும் கலந்து, யாரிடம் பேசுகிறானோ அவர்கள் பேச்சு அவன் வாயில் தானாக வந்துவிடும். அவன் இருக்கும் இடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கும். "மாரி இல்லாட்டி கட்டிங் செக்ஷன் எழவு வீடு" என்று சூப்பர்வைசரே சொல்வார். அந்தப் பேரைக் காப்பாற்றிக்கொள்ளவே அவன் நாள் முழுக்க எதையாவது பேசிக்கொண்டிருப்பான்.

ரயில் பைத்தியம் அவனுக்குப் பொங்கியண்ணனால் வந்தது. நல்லூரில் பொங்கியண்ணனுக்குச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி உண்டு. ஒருமுறை பேட்டர்ன் அட்டை கொடுக்கப் போன மாரிச்செல்வம் மாடியில் ஏதோ ஓடும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தான். பழைய கட்டிங் டேபிள் மேல் உள்ளங்கை நீளத்தில் பெட்டிகள் கோத்த ஒரு ரயில் வளைந்து வளைந்து ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அவன் அட்டை கொடுக்க வந்ததையே மறந்துபோனான். "பெட்டி சன்னல் கோணலா இருக்கே அண்ணாச்சி" என்றான். "அப்ப நீயே வெட்டிக் குடு கண்ணு" என்றார் அவர். பேட்டர்ன் அட்டையில் அவன் வெட்டிக் கொடுத்த சன்னல்கள் அளவு பிசகாமல் இருந்தன. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் அந்த மாடிதான்.

பிறகு ரோஸ்மேரி வந்து சேர்ந்தாள். செக்கிங் செக்ஷன்காரி, திசையன்விளைப் பெண். மிஷினடியில் படியும் பஞ்சுத்தூசியைப் பச்சைச் சாயத்தில் நனைத்துக் காயவைத்துப் புல்லும் மரமும் செய்வது அவள் கைவேலை. நூல் சுற்றிய கோன் அட்டை தண்ணீர்த் தொட்டியாகும். இப்படி ஊத்துக்குளியிலிருந்து சோமனூர் வரைக்கும் பாதை அந்த டேபிள் பலகையில் வளர்ந்துவிட்டது. வேலை பாதி, பேச்சு பாதி. எந்த வண்டி எவ்வளவு மைலேஜ் கொடுக்கிறது, செயினுக்கு எந்த எண்ணெய் விட்டால் சத்தம் போடாது, எந்த ரோட்டில் புதிதாகக் குழி விழுந்திருக்கிறது, யார் வீட்டில் என்ன குழம்பு என்று போகும். மாரிச்செல்வத்தின் வண்டியைப் பொங்கியண்ணன் வண்டியென்றே ஒத்துக்கொள்ள மாட்டார். "உன்றது தையல் மிஷினுக்குச் சக்கரம் வெச்சதுடா தம்பி. என்ற புல்லட்டு நின்னு உறுமுனாப் போதும், பஸ்ஸுக்காரன் வழி உடுவான்" என்பார்.

அந்த மாடிக்கு ஒரு சட்டம் இருந்தது. மூவருக்கும் ரோட்டிலும் ரயிலடியிலும் எது நடந்தாலும் அது பலகைக்கு வர வேண்டும், வந்ததை எடுக்கக்கூடாது. ஊத்துக்குளியில் வெண்ணெய் வாங்கப் போய் பெட்ரோல் தீர்ந்து ரோஸ்மேரி ஸ்கூட்டரைத் தள்ளி வந்தாள்; பலகையில் இன்றைக்கும் தள்ளிக்கொண்டிருக்கிறாள். ஆசைப்பட்டு ஒருநாள் புல்லட்டை வாங்கி ஓட்டிப் பார்த்த மாரிச்செல்வம் பிரேக் பிடிக்கத் தெரியாமல் ஒரு தோட்டத்துச் சாணிக்குப்பையில் போய் இறங்கினான். பொங்கியண்ணன் அதை அழகாகச் செய்து வைத்தார். குப்பைக்கு வெளியே இரண்டு கால் மட்டும் தெரியும். வருகிற விருந்தாளிக்கெல்லாம் ரயிலைக் காட்டுமுன் அந்தக் காலைக் காட்டுவார். "எங்க கட்டிங் மாஸ்டருங்க" என்பார். மாரிச்செல்வமும் கூடச் சேர்ந்து சிரிப்பான். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில் மட்டும் எங்கேயோ லேசாக உறுத்தும். முதலாளி, அதுதான் சிரிக்கிறார் என்று தோன்றும். பிறகு மறந்துவிடும்.

ஆகவே கேட்டில் விழுந்த சேதி கிடைத்ததும் அவனுக்கு வந்தது வெறும் சிரிப்பு மட்டுமல்ல.

அந்த ஞாயிறு அவர் மாடிக்கு வரவில்லை. சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்று போனில் சொல்லியிருந்தார். நல்லதாய்ப் போயிற்று என்று மாரிச்செல்வம் வேலையில் இறங்கினான். குழந்தை உடுப்புக்கு வைக்கும் டிச் பட்டன் இரண்டு சக்கரமாயின. மெல்லிய செம்புக் கம்பி ஹேண்டில்பார். மனிதனுக்குக் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய உருவம், தொப்பை வைத்து, வெள்ளை மீசை வைத்து, கிளிப்பச்சை அடித்தான். கேட்டுக்கு முன்னால் வண்டியைச் சாய்த்து, ஆளை மல்லாத்தி, இரண்டு காலையும் ஆகாயம் பார்க்க ஒட்டினான்.

"ஐயையோ, அப்படியே அவரேதான்" என்றாள் ரோஸ்மேரி.

ரயிலை ஓடவிட்டு, அது கேட்டைத் தாண்டும்போது அந்தக் கால்கள் லேசாக ஆடுவதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டான். 'நின்ற வண்டியில் சாகசம்' என்று எழுதியும் வைத்தான். கம்பெனியில் பார்க்காதவர்கள் பாக்கியில்லை. போனில் சிரிப்பு பொம்மைகள் வந்து குவிந்தன. வீட்டில் விஜயராணி மட்டும் அதைப் பார்த்துவிட்டு, "அடி எதுவும் படலியே அவருக்கு?" என்று கேட்டாள்.

"வயசாயிட்டுல்லா, புல்லட்டைப் பிடிக்கத் தெம்பு இல்ல" என்றான் அவன்.

"ஏன் விழுந்தாருன்னு கேட்டியளா?"

அவன் போனில் வந்துகொண்டிருந்த சிரிப்பு பொம்மைகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

அந்த வாரம் பொங்கியண்ணனிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. கோபித்துக்கொண்டாரோ என்று ஒரு கணம் நினைத்தான். சாணிக்குப்பைக்கு நான் கோபித்தேனா என்று சமாதானம் செய்துகொண்டான். அடுத்த ஞாயிறு ரோஸ்மேரி ஆலயத்தில் அசன விருந்து என்று வரவில்லை. அவன் தனியாகவே மாடியேறி ரயிலை மாட்டிக்கொண்டிருந்தபோது படியில் யாரோ வரும் சத்தம் கேட்டது. பொங்கியண்ணனின் மகள் அனுப்பிரியா. கம்பெனியை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். அந்த மாடிக்கு அவள் வந்து அவன் பார்த்ததேயில்லை.

"உங்களப் பாக்கத்தான் வந்தனுங்ணா" என்றாள்.

மாரிச்செல்வம் எழுந்து நின்றான். வாயில் ஒரு கேலி தயாராக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கினான்.

"நீங்க ஸ்டேட்டஸ்ல போட்டிருந்தீங்கல்லங், அதப் பாத்துத்தானுங்க எங்களுக்கே தெரிஞ்சுது. ஊட்டுல அவரு மூச்சே உடலீங்க. கேட்டா, அதெல்லாம் மாரி சும்மா வெளையாட்டுக்குப் பண்ணுனதுன்னு சாதிச்சாரு. காலக் காட்டுங்கப்பான்னேன். முடியாதுன்னாரு. அம்மா வலுக்கட்டாயமா சாக்ஸக் கழட்டுனாங்க. பாதத்துல அத்தாப்பெரிய புண்ணுங்ணா. வண்டி சாயறப்ப கிழிச்சிருக்கு. அவருக்கு வலியே தெரியலீங்க."

"வலி தெரியலியா?"

"சக்கரைங்க. ரெண்டு காலும் வருசக்கணக்கா மரத்துட்டே வந்திருக்கு. கேட்டுல நிறுத்தறப்பக் கால ஊனுனனா இல்லியான்னே தெரியலையாமுங்க அவருக்கு. சொன்னா வண்டிச் சாவியப் புடுங்கிருவம்னு பயந்துட்டு ஆருகிட்டயும் சொல்லலீங்க. ஒரு வெரல எடுத்துட்டாங்க. இன்னும் கொஞ்சம் உட்டிருந்தா பாதமே போயிருக்குமின்னாரு டாக்டரு." கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்துக் கை கூப்பினாள். "நீங்க மட்டும் அத செஞ்சு போடலீன்னா என்னாயிருக்குமோங்ணா. ரொம்ப நன்றிங்."

அவன் சொல்லியிருக்க வேண்டும். நான் அதற்காகப் போடவில்லை அம்மணி, ஊர் சிரிக்கட்டும் என்றுதான் போட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும்.

"பரவால்லீங்க" என்றான்.

அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டு அவனுக்கு உடம்பு கூசியது.

"வீடியோவ ஆஸ்பத்திரியில அப்பாவுக்குக் காட்டுனமுங்க" என்றாள் அவள் படியில் இறங்கும்போது. "ரொம்ப நேரம் பாத்தாரு. டி-ஷர்ட் கலருகூடக் கரெக்டா அடிச்சிருக்கான்னாரு. அவ்வளவுதான். அப்பறமா உங்களுக்குப் போன் பண்றேன்னாருங்க."

அவள் போன பிறகு மாரிச்செல்வம் பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்தான். ஊத்துக்குளி பிளாட்பாரத்தில் எள்ளளவு ரப்பர்த்துண்டு ஒன்று கிடந்தது. அதுவும் அவன் கைவேலைதான். மழைக்காலம் முடிந்த சமயம் ஒருநாள் பொங்கியண்ணன் ஒரு காலில் மட்டும் செருப்போடு மாடியேறி வந்தார். "அண்ணாச்சி, இன்னொண்ணு எந்த ரயில்ல வருது?" என்று இவன் கேட்டான். அவர் குனிந்து காலைப் பார்த்தார். முகம் ஒரு நொடி வெளிறியது. பிறகு, "பின்னால பாசஞ்சர்ல வருது" என்று சிரித்தார். செருப்பு கீழே வாசற்படியிலேயே கழன்று கிடந்தது. இவன் உடனே ரப்பரை வெட்டிச் செருப்பு செய்து பலகையில் வைத்தான். வெறுங்காலோடு ஒரு மாடி ஏறி வந்த மனுஷனுக்கு அது எப்படித் தெரியாமல் போயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அதை நினைக்காமல் இருந்திருந்தால் தேவலை. ஒரு மதியம், ரோஸ்மேரி டீ வாங்கப் போயிருந்த நேரம், பொங்கியண்ணன் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டே தலையைத் தூக்காமல் கேட்டார்: "ஏங் கண்ணு, நாளெல்லாம் நின்னுட்டே வெட்டறயே, உனக்குக் காலு மதமதன்னு இருக்குமா?"

"எங்க மேனேஜர் பேச்சக் கேட்டா எனக்குக் காதுதான் அண்ணாச்சி மதமதங்கும்" என்றான் இவன்.

அவர் சிரித்தார். அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எவரிடமும் சொல்லாததை அவர் தன்னிடம்தான் கேட்க வந்திருக்கிறார் என்பது இப்போது விளங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போய் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? அவரும் மகளைப்போல நன்றி சொல்லிவிட்டால்? அவர் அப்படி ஏமாறுகிறவர் இல்லை. கால்கள் ஆகாயம் பார்ப்பது எதற்கென்று சாணிக்குப்பையில் இவன் காலைச் செய்து வைத்தவருக்குத் தெரியாதா? தெரிந்தும், மகளிடம் அதைச் சொல்லாமல் நிறத்தை மட்டும் மெச்சியிருக்கிறார்.

வந்ததை எடுக்கக்கூடாது என்பது சட்டம். மாரிச்செல்வம் இடுக்கியை எடுத்தான். கிளிப்பச்சை உருவத்தின் இடுப்பைப் பிடித்து அசைத்தான். நல்ல பசை, அவன் வேலை எப்போதும் உறுதியானது. கொஞ்சம் வலுவாக இழுத்தபோது ரோட்டுத் தாளையும் ரோஸ்மேரியின் புல்லையும் பிய்த்துக்கொண்டு வந்தது. ஒரு கால் மட்டும் பலகையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

பலகை ஓரத்தில் வைத்திருந்த போன் அப்போதுதான் அதிரத் தொடங்கியது. திரையில் புல்லட்மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் பொங்கியண்ணன். ப்ளைவுட் முழுக்க அதிர்வு பரவி, நின்றிருந்த ரயில்பெட்டிகள் கிடுகிடுத்தன. பிளாட்பாரத்து ரப்பர்ச்செருப்பு நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்தது. போனை எடுக்க வேண்டுமானால் இடுக்கியைக் கீழே வைக்க வேண்டும். இடுக்கியில் இருப்பதைப் பெயர்த்த இடத்திலேயே வைப்பதா, சட்டைப் பையில் போட்டுக்கொள்வதா என்று தெரியாமல் மாரிச்செல்வம் நின்றான்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.