பிலோ அக்கா நின்ற இடங்கள்

செய்தி வந்தபோது நான் பள்ளி டக்‌ஷாப்பில் மீ கோரெங் நூடுல்ஸ் வாங்க வரிசையில் நின்றிருந்தேன். வீட்டிலிருந்து போன் என்று அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். எடுத்தால் அம்மா. "பிலோ போயிட்டாடி. பைய எடுத்துக்கிட்டு நேரா வீட்டுக்கு வா. வழியில எங்கயும் நிக்காத."

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல். வழியில் நிற்பதைத் தவிர பிலோ அக்காவும் நானும் சனிக்கிழமைகளில் வேறு என்ன செய்தோம்?

நாளை முப்பதாம் நாள் ஜெபத்துக்கு வரப்போகும் உங்கள் எல்லாருக்கும் அவளைத் தெரியும். லூர்து ஆன்ட்டியின் மகள். எங்கள் பிடோக் அடுக்குமாடி புளோக்கில், எங்கள் மாடியில், லிஃப்டை ஒட்டிய வீடு. ‘யுனிவர்சிட்டியில் வேலை’. அது என்ன வேலை என்று ஆன்ட்டி யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. நான் சொல்கிறேன். ஓடைகளையும் பறவைகளையும் கணக்கெடுக்கும் குழுவில் ஆகக் கடைசி உதவியாளர். மிஸ்டர் லிம் என்ற மேலாளர் சொல்லும் இடத்துக்கு பஸ் பிடித்துப் போகவேண்டும். கயிறு கட்டிய வாளியில் தண்ணீர் எடுத்துச் சூடு பார்க்கவேண்டும், புட்டியில் பிடிக்கவேண்டும், பைனாகுலரில் பறவை பார்க்கவேண்டும், அட்டை ஏறினால் பிடுங்கிப் போட்டுவிட்டு நடக்கவேண்டும். அவ்வளவுதான்.

என்னை இதில் இழுத்துவிட்டது ஆன்ட்டி. "வயசுப் பொண்ணு தனியா காட்டுக்குப் போறதா? நம்ம டெய்சியத் துணைக்கு அனுப்பேன்" என்று அம்மாவிடம் கேட்டார். "சும்மாதான லா இருக்கா, போகட்டும்" என்றார் அம்மா. என்னை யாரும் கேட்கவில்லை. என் வகுப்பில் மற்றவர்கள் சனிக்கிழமை கத்தே தியேட்டருக்குப் போனார்கள், கடற்கரைக்குப் போனார்கள். நான் பள்ளிக் கேன்வாஸ் சப்பாத்தோடு லாங்காங்கில், அதாவது சாக்கடைக் கால்வாயில், இறங்கினேன். முரடன் எவனாவது வந்தால் உயர்நிலை இரண்டில் படிக்கும் நான் என்ன செய்யமுடியும் என்று ஒருநாள் கேட்டேன். "நீ நல்லாக் கத்து. நான் அதுக்குள்ள ஓடிடறேன்" என்றாள் அக்கா.

நாளை நான் படிக்க அப்பா எழுதிக் கொடுத்த தாளில் ‘மென்மையான குணம்’ என்று ஒரு வரி இருக்கிறது. கடவுளே! கணக்கெடுக்கும் இடங்களில் மரத்தில் சிவப்பு பிளாஸ்டிக் நாடா கட்டியிருக்கும். அங்கே போய் நின்றால் அசையக்கூடாது, பேசக்கூடாது, கொசுவை அடிக்கக்கூடாது. ஒருமுறை தும்மிவிட்டேன். திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் மென்மை எதுவும் இல்லை. "ஒன்னோட மூக்க வீட்லயே வச்சிட்டு வந்திருக்கலாம்ல?" என்றாள். அதே பார்வையோடு மறுபடி முதலிலிருந்து நிற்கவைத்தாள்.

இத்தனைக்கும் அவள் பெரிய பறவை நிபுணி ஒன்றும் இல்லை. எதிர்க்கரையில் கொக்கு நிற்கிறது என்று என்னை மூச்சுவிடாமல் நிற்கவைத்தாள். காற்றடித்ததும் அந்தக் கொக்கு கைப்பிடியோடு பறந்தது. பிளாஸ்டிக் பை. நான் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த உண்மையான பறவைகளும் போய்விட்டன. அவளும் சிரித்தாள். ஆனால் பஸ்ஸில் ஏறிய பிறகுதான்.

அவளிடம் ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது. கண்ணால் பார்த்த பறவை ஒரு பக்கம், காதால் மட்டும் கேட்டது இன்னொரு பக்கம். "பாத்தத பாத்தேன்னு சொல்லு. கேட்டத கேட்டேன்னு சொல்லு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. அதுல என்னடி வெக்கம்?" இதை அவள் சொல்லாத சனிக்கிழமை இல்லை. கேட்டுக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாலையில் சிராங்கூன் சாலைக்குப் போவோம், மைனாக்கள் வந்து அடையும் மரங்களைப் பார்க்க. தேக்கா பக்கத்துக் கால்வாய் நாற்றமும் மல்லிகைப்பூ வாசமும் ஒன்றாக வரும் இடத்தில், நடைபாதை நடுவில், கழுத்தை அண்ணாந்து பைனாகுலரோடு நிற்பாள். மேல்மாடி ஜன்னலில் ஒருவர் பனியனோடு பல் குத்திக்கொண்டிருந்தார். கீழே சாப்பாட்டுக் கடைக்காரர் கூச்சல் போட்டார். "ஏம்மா, மேல யார நோட்டம் விடுற? அவருக்குக் கல்யாணம் ஆயிருச்சு!" தெருவே சிரித்தது. எனக்குக் கால்வாயில் குதித்துவிடலாமா என்று இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிளி ஜோசியர், "எங்க கிளியையும் சேத்துக்கிட்டியா தங்கச்சி?" என்று கேட்டார். அக்கா கண்ணை எடுக்காமல், "கூண்டுல இருக்கறத நாங்க எண்ண மாட்டோம்ணே" என்றாள்.

அந்த வார்த்தைதான் பிறகு அவள் தலையிலேயே வந்து விழுந்தது.

புக்கிட் தீமா பக்கம், பழைய கம்பம், அதாவது மலாய்க் கிராமம், ஒன்றின் வீடுகளுக்குப் பின்னால் ஓடும் ஓடைதான் எங்கள் சனிக்கிழமைக் காலை. கடைசி நாடா கட்டிய இடத்தில் வாரா வாரம் ஒரு பாட்டு கேட்டது. குழலை யாரோ தண்ணீருக்குள் வைத்து ஊதுவது போல. மிஸ்டர் லிம் ஒருநாள் கூடவே வந்து கேட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டார். ஷாமா. நீண்ட வாலும் செம்பழுப்பு வயிறும் உள்ள பாட்டுக்காரப் பறவை, அந்தப் பக்கத்தில் இல்லாமலே போய்விட்டது என்று நினைத்திருந்தார்களாம். அந்த ஓடையைக் கான்கிரீட் கால்வாயாக்கப் போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. ஷாமா இருக்கிறது என்றால் அந்தப் பகுதியையாவது விட்டுவிடச் சொல்லலாம் என்று அவர் மேலிடத்தில் பேசினார். அக்கா தரையில் நடக்கவில்லை. எனக்கு ஐஸ் கச்சாங் இனிப்பு வாங்கிக்கூடக் கொடுத்தாள்.

அடுத்த சில வாரங்களில் ஒருநாள் எனக்கு அவசரமாக ஒதுங்கவேண்டியிருந்தது. கம்பத்து வீடு ஒன்றில் கேட்கப் போனேன். அந்த வீட்டு மலாய்ப் பெரியவர் முற்றத்தில் ஓர் உயரமான கம்பத்தின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். கம்பத்தின் உச்சிக்கு ஒரு கூண்டு ஏறியது. ஏறி நின்றதும் அது பாடியது. அதே குழல், அதே தண்ணீர்.

திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் போய்ப் பார்த்தாள். பெரியவரிடம் பேசினாள். பாட்டுப் போட்டிக்காக வளர்க்கிறாராம், காலையில் மட்டும் உயரே ஏற்றுவாராம். வந்தவள் மர வேரில் உட்கார்ந்தாள்.

"சொல்லாதக்கா," என்றேன். "யாருக்குத் தெரியப்போகுது? ஓடைய விட்டுருவாங்கல்ல?"

"கூண்டுல இருக்கறதடி."

"கேட்டதுன்னுதான எழுதுன? கேட்டதுதான!"

"இன்னிக்கி இதுக்குப் பொய் சொன்னா, நெஜமாவே ஒரு ஷாமா வந்து நிக்கிற அன்னிக்கி நம்மள யாரு நம்புவா?"

திங்கட்கிழமை மிஸ்டர் லிம்மிடம் சொல்லிவிட்டாள். அவருக்கு மேலிடத்தில் தலைகுனிவு. அவளுக்கு நல்ல திட்டு. ஓடைக்குக் கான்கிரீட் உறுதியானது. அந்த ஒரு வாரம் நான் அவளோடு பேசவே இல்லை. இப்போதும் கோபம் முழுதாகப் போகவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

ஆனால் இப்படிப்பட்டவள் என்னிடம் ஒரு பொய்யை வாரா வாரம் சொல்லியிருக்கிறாள்.

ஓடையிலிருந்து சாலைக்கு ஏறும் வழி செங்குத்தானது. அங்கே நாடா எதுவும் இல்லை. ஆனால் பாதி ஏறியதும் அக்கா கையைத் தூக்குவாள். "ஷ்ஷ். பறவ கேக்குது. நில்லு." ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"ஒனக்குக் காது மந்தம் லா."

"என்ன பறவ?"

"போயிருச்சு."

மேலே பஸ் போகும் சத்தம் கேட்கும். அதற்கு அடுத்த பஸ் எப்போது வருமோ! மேட்டில் ஒருமுறை, மேம்பாலப் படியில் ஒருமுறை, கடைசி மாதங்களில் எங்கள் புளோக்கில் லிஃப்ட் கெட்டுப்போன நாளில் ஒவ்வொரு மாடியிலும் ஒருமுறை. "மாடிப்படியில என்னக்கா பறவ?" என்று கத்தினேன். "சிட்டுக்குருவி" என்றாள்.

அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு ஆன்ட்டியோடு நான்தான் மாலையில் போவேன், கஞ்சி எடுத்துக்கொண்டு. ஆன்ட்டிக்கு இங்கிலீஷ் வராது. அதனால் டாக்டர் பேசியதை நான் தமிழில் சொல்லவேண்டியிருந்தது. இதற்கும் என்னை யாரும் கேட்கவில்லை. நெஞ்சு வால்வு சின்ன வயதிலேயே கெட்டுப்போயிருக்கிறது, உங்களுக்குத் தெரியுமா என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். ஆன்ட்டி தரையைப் பார்த்தார். "தெரியும்னு சொல்லு." எனக்குப் பயமாக இருந்தது. நானும் அதே தண்ணீரில் நின்றவள்தானே. "லாங்காங் தண்ணியாலயா டாக்டர்?" என்று நானாகக் கேட்டேன். தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். வேலைக்குச் சேரும்போது இதை மறைத்துவிட்டதாக அக்காவே சொன்னாள் என்றார்; படி ஏறும்போது மூச்சு வாங்கியிருக்குமே, யாரும் கவனிக்கவில்லையா என்றும் கேட்டார்.

நான் கவனித்தேன். எனக்கு அது பறவை என்று சொல்லப்பட்டது.

வெளியே வந்ததும் ஆன்ட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். "இத வீட்ல சொல்லாதடி. ஒங்கப்பாகிட்ட சொல்லாத. சீக்குக்காரப் பொண்ணத் தாயே காட்டுக்கு அனுப்புனான்னு பேசுவாங்க." சரி என்றேன்.

அடக்கத்தன்றே லாங்காங் தண்ணீர்தான் கொன்றது என்று எல்லாரும் பேச ஆரம்பித்துவிட்டீர்கள். என் கேன்வாஸ் சப்பாத்தை அம்மா குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார். நான் இருமினால் வாயில் தெர்மாமீட்டர் வருகிறது. எங்கள் மாடியில் எல்லாருக்கும் மனு எழுதிக் கொடுக்கும் அப்பா, வரும் வாரம் எம்.பி.யைப் பார்க்கப் போகிறார். மிஸ்டர் லிம் ஒரு பெண்ணைச் சாக்கடையில் இறக்கிச் சாகடித்தார், அவரை வேலையிலிருந்து நீக்கவேண்டும் என்று. மிஸ்டர் லிம் துக்கம் கேட்க வந்தபோது யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவர் நடைபாதையில் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை நான் கதவு இடுக்கில் பார்த்தேன்.

நாளை ஜெபத்தில் நான் படிக்கவேண்டும் என்று அப்பா எழுதிக் கொடுத்த தாள் இங்கே இருக்கிறது. ‘சாக்கடை நீர் பறித்த மென்மலர்’ என்று முடிகிறது. அக்கா இதைக் கேட்டிருந்தால் அந்தப் பார்வையைப் பார்த்திருப்பாள். கூண்டில் இருப்பதைக் காட்டில் இருப்பதாக எழுதமாட்டேன் என்றவளை நாமே ஒரு கூண்டில் போட்டுக் கம்பத்தில் ஏற்றுகிறோம். அதனால்தான் எல்லாரும் தூங்கிய பிறகு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா தண்ணீர் குடிக்க எழுந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

அவள் சொன்ன மாதிரியே சொல்கிறேன். தண்ணீர் காரணம் இல்லை என்று டாக்டர் சொன்னார், அதைக் கேட்டேன். அக்கா மேட்டில் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். மிஸ்டர் லிம்முக்கு அவள் நோய் தெரியாது, அவள் சொல்லவில்லை. அந்த ஒரு பொய்யை ஏன் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லியிருந்தால் அவளை ஒரு மேசைக்குப் பின்னால் உட்காரவைத்திருப்பார்கள் என்பது மட்டும் தெரியும்.

ஆன்ட்டி, உங்களுக்குக் கொடுத்த வார்த்தையை நான் மீறுகிறேன். என் மேல் கோபப்படுங்கள். ஆனால் நீங்கள் அவளைக் காட்டுக்கு அனுப்பியதாக யார் பேசமுடியும்? நம் இரண்டு பேருக்கும் தெரியும், பிலோ அக்காவை யாரும் எங்கேயும் அனுப்பமுடியாது. போகாதே என்றாலும் போயிருப்பாள். உங்களால் முடிந்தது துணைக்கு ஓர் ஆள் அனுப்புவது. அதைச் செய்தீர்கள். எரிந்து விழுந்துகொண்டே இருந்தாலும் நான் கடைசி வரை கூடவே நின்றேன்.

அவளுடைய பைனாகுலர் அலுவலகத்துக்குத் திரும்பிப் போய்விட்டது. ஓடை சிமெண்டாகப் போகிறது. என்னிடம் மிச்சம் இருப்பது அப்படி நிற்பது ஒன்றுதான். பள்ளிக்குப் போகும் வழியில், மாடிப்படியில், காரணமில்லாமல் நின்றுவிடுகிறேன். நின்றால் ஏதாவது கேட்கத்தான் செய்கிறது. முன்பு கேட்காதவை.

நாளை அப்பாவின் தாளை மடித்துவைத்துவிட்டு இதைப் படிக்கப்போகிறேன். அப்பா முன்வரிசையில் இருப்பார். நடுவில் எங்காவது நான் நின்றுவிடலாம். யாரும் எழுந்து தண்ணீர் கொண்டுவர வேண்டாம், தாளை வாங்கிக்கொள்ளவும் வேண்டாம். எனக்கு ஒரு பறவை கேட்கிறது என்று நினைத்துக்கொண்டு, கொஞ்சம் அசையாமல் இருங்கள். மீதியையும் படித்துவிடுவேன்.