பனியன் துண்டு போட்ட மைதானம்

மகுடேஸ்வரன் சாமளாபுரம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. இளவயதில் சைக்கிள் போலோ ஆடியவன். சைக்கிளில் போய்க்கொண்டே நீளமான மட்டையால் பந்தை அடித்து கோல் போடுகிற ஆட்டம் அது. ஒரு தடவை மேட்சுக்குப் போய் ஷிஃப்டுக்கு வரவில்லை என்று கம்பெனி ரூமிலிருந்து அவன் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார்கள். பெட்டியோடு என் டெம்போவில் ஏறினான். அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம்.

"ஆடறவன் தங்கறதுக்குன்னு ஒரு ஊடு வேணுமுங்கண்ணா" என்றான் அன்றைக்கு. அதை அவன் விடவே இல்லை.

போன வருடம் அவன் அப்பன் விட்டுப்போன காட்டு நிலத்தில் தகர ஷெட் போட்டு கிளப் ஆரம்பித்தான். எட்டுப் பேர் வந்து தங்கினார்கள். எல்லாரும் பனியன் கம்பெனியில் வேலை. திருநெல்வேலிக்காரன் வேல்குமார்தான் கேப்டன். இரண்டு பேர் ஒடிசாக்காரர்கள். அடுப்பு ஒன்றே. "ஒடிசாப் பசங்க நேத்து ரசத்துலயும் உருளைக்கெழங்கு போட்டுட்டானுங்கண்ணா" என்று மகுடேஸ்வரன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

போலோ சங்கத்துக்காரர் வந்து பார்த்தார்.

"மாவட்ட செலக்‌ஷன இங்கயே வெச்சரலாமுங்க. நல்லபடியா நடந்தா கிளப்பப் பதிஞ்சு குடுத்தர்றேன். பதியாத கிளப்பு பேருல ஒருத்தரும் ஆட முடியாதுங்க."

மைதானத்தில் பாதி பள்ளமாக இருந்தது. எங்கள் ஊரில் தலையணைக்குள் அடைப்பதும் கட்டிங் வேஸ்ட்தான், மிஷின் துடைப்பதும் அதுதான். வெட்டியது போக மிஞ்சிய பனியன் துண்டு. மகுடேஸ்வரனுக்கும் அதுதான் தோன்றியது.

"அடியில வேஸ்ட்டப் பரத்தி மேல ஒரு சாண் செம்மண்ணு போட்டா, உழுந்தாலும் பசங்களுக்கு அடிபடாதுங்கண்ணா."

நானும் யோசிக்கவில்லை. பதினெட்டு லோடும் என் டெம்போவில்தான் போனது. ரோலர் ஓட்டி முடித்ததும் வேல்குமார் வேண்டுமென்றே சைக்கிளோடு விழுந்து புரண்டான்.

"மாஸ்டர், இனிமே பாய் எதுக்கு? இங்கனயே படுத்துக்கிடுதோம்."

செலக்‌ஷனுக்கு முன்னால் நான்கு நாள் மழை பெய்தது. ஆட்டத்தன்று காலையில் வெயில் அடித்து மேல்மண் காய்ந்துவிட்டது. அடியில் துணி குடித்த தண்ணீர் அப்படியே இருந்தது, யாருக்கும் தெரியவில்லை. நான் அங்கே இல்லை. அன்றைக்குத்தான் என் மகளுக்கு ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. பேரனைக் கையில் வாங்கிய சந்தோஷத்தில் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஆட்டம் தொடங்கியதும் பள்ளத்துப் பக்கம் போன சைக்கிளெல்லாம் அச்சு வரை இறங்கியதாம். பனியன் துண்டு செயினில் சுற்றிக்கொண்டதாம். எதிர் அணிக்காரன் ஒருவன், "இதென்ன கிரவுண்டா, மெத்தக் கடையா?" என்று கத்தினானாம். வேகமாக வந்த வேல்குமாரின் சக்கரம் புதைந்து, அவன் தூக்கி எறியப்பட்டு கோல் கம்பத்தில் மோதினான். தோள்பட்டை நொறுங்கிவிட்டது. செலக்‌ஷனை வேறு ஊருக்கு மாற்றினார்கள். கிளப்பைப் பதியவில்லை.

பேரன் பிறந்த பதினாறாம் நாள் லட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஷெட்டில் ஒரே ஒரு சைக்கிள் நின்றது. மகுடேஸ்வரன் மைதானத்தில் உட்கார்ந்து மண்ணுக்குள்ளிருந்து துணியைக் கையால் பிடுங்கிக்கொண்டிருந்தான். ஒரே நாற்றம்.

"பசங்க எங்க, மகுடு?"

"வேற கிளப்புக்குப் போகச் சொல்லிட்டனுங்கண்ணா. அவுங்க ஆடோணுமில்லீங்க?"

"வேல்குமாரு?"

"கட்டோட ஊருக்குப் போயிட்டான். இனி மட்ட புடிக்க முடியாதுன்னுட்டாங்களாம்." கையைப் பார்த்தான். "அடிபடக் கூடாதுன்னுதானுங்க போட்டேன்."

கை முழுக்கச் சேறு. லட்டை நானே அவன் வாயில் வைத்தேன். மென்றுகொண்டே, "பேரன் யாரு சாடைங்க?" என்று கேட்டான்.

"அவன் அம்மாயி, எங்கூட்டுக்காரி சாட."

"நல்லாருக்கட்டுமுங்க."

நானும் வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்தேன். ஒரு நீலத் துண்டை இழுத்தால் பின்னாலேயே பத்து வந்தது. சாயம்கூடப் போகவில்லை. பொழுது இறங்கும் வரை இழுத்தும் ஒரு லோடு சேரவில்லை.

"நாளைக்கு டெம்போ கொண்டாறேன். அள்ளிட்டுப் போயிரலாம்" என்றேன்.

"எங்கீங்கண்ணா கொட்டுவீங்க?"

அவன் குனிந்து அடுத்த துண்டைப் பிடித்தான்.