கனடாக் குளிசை

கண்ணில வெள்ளை படர்ந்து, ஊசியில நூல் கோர்க்கேலாமல் போனதும் எனக்கு அழுகையை விடக் கோபம்தான் வந்தது. உருத்திரபுரத்தில பாதிப் பொம்பிளையளின்ர சட்டை என்ர மெசினில தைச்சது. "ஒப்பரேஷன் செய்யலாம் அம்மா. முதல்ல பிரஷரைக் குறைச்சுக்கொண்டு வாங்கோ" எண்டார் கண் டொக்டர்.

கிளினிக்கில அந்த மாதம் பிரஷர் குளிசை முடிஞ்சுபோச்சு. வெளியில வாங்கச் சொல்லி மருந்துத் துண்டு எழுதித் தந்தவை. என்ர மனுசன் கிளிநொச்சிப் பாமசியில மலிவான இந்தியன் குளிசை வாங்கிக்கொண்டு வந்தார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"மலிவாத் தாறாங்கள் எண்டா மாவைத்தான் உருட்டித் தாறாங்கள்!"

"ஆஸ்பத்திரிக்கே இந்தியாவிலயிருந்துதானப்பா வாறது."

"அப்ப நீங்களே போடுங்கோ!"

கனடாவில இருக்கிற தம்பிக்குத் துண்டைப் படம் எடுத்து அனுப்பினன். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு அங்கயிருந்து வந்த ஒராளிட்ட அதே மருந்தை ஒரு போத்தல் குடுத்துவிட்டான். கிளினிக் டொக்டரும் பாத்திட்டு, போடுங்கோ எண்டார். நான் அதை அலுமாரியில, சீலையளுக்கு நடுவில, பிரிக்காத வெளிநாட்டுச் சோப்போட வைச்சன். கெதியில முடிஞ்சுபோகும் எண்டு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போட்டனான். வெளிநாட்டுச் சாமானை ஆர் ஒரேயடியா முடிக்கிறது?

ஒப்பரேஷனுக்குப் போன அண்டு பிரஷர் ஏறிப்போய் நிண்டது. திருப்பி அனுப்பிப்போட்டினம். வாற வழியில பஸ்ஸுக்குள்ள மனுசனிட்ட உண்மையைச் சொல்லி அழுதன். ஏசுவார் எண்டு பாத்தா, சனமெல்லாம் திரும்பிப் பாக்கச் சிரிக்கிறார்.

"இஞ்சாரும், அது என்ன சொக்லேட்டே, மிச்சம் பிடிக்க?"

அடுத்த நாளிலயிருந்து மூஞ்சையை நீட்டிக்கொண்டு இந்தியன் குளிசையைத் தவறாமல் போட்டன். பிரஷர் இறங்கிச்சு, ஒப்பரேஷனும் நடந்தது. கட்டை அவிழ்த்ததும் முதல் கண்ணில பட்டது டொக்டரின்ர சட்டைக் கையில பிசகின தையல். ஐயோ, எனக்கு வந்த சந்தோசம்! அவரிட்டையே சொல்லிப்போட்டன். அவரும் சிரிச்சார்.

புதுக் கண்ணாடி வந்த அண்டு ஒரே தரத்தில நூலைக் கோர்த்தன். அந்தச் சந்தோசப் புழுகத்தில கண்ணில படுற எழுத்தையெல்லாம் வாசிச்சுக்கொண்டு போய், அலுமாரியில கிடந்த கனடாப் போத்தலையும் எடுத்தன். அடியில பொடி இங்கிலீசு எழுத்து. செய்தது இந்தியாவில எண்டு கிடக்கு!

நான் சிரிச்ச சத்தத்துக்கு மனுசன் ஓடிவந்து போத்தலை வாங்கினார். கிட்டப் பிடிச்சார், எட்டப் பிடிச்சார்.

"என்னப்பா எழுதிக் கிடக்கு? எனக்கு ஒண்டும் தெரியேல்லை."

"ஒவ்வொரு நாளும் தவறாமல் போடட்டாம்" எண்டன். "அடுத்த கிழமை உங்களைத்தான் கண் டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போகவேணும்."