ஃபியான்ஸே

போன கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு விசாப் படிவத்தோடு வந்தாள். மாப்பிள்ளை கனடாவில். உறவு என்ற கட்டத்தில் ‘ஃபியான்ஸே’ என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, “எழுத்துச் சரியா அங்கிள்?” என்று கேட்டாள். எனக்கு எங்கிருந்தோ தட்டச்சு நாடாவின் மை மணத்தது.

சண்டைக் காலத்தில் மட்டக்களப்பு நகரில் ஒரு நிவாரண அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். ஆங்கிலத்தில் நான் புலி என்று அங்கே பேர். அந்த நாளில் அதை உரத்துச் சொல்ல முடியாது என்பது வேறு கதை.

கூட வேலை செய்த யோகமலர் தன்னாமுனைக்காரி. அவளுக்கு நிச்சயித்திருந்த சிவத்தைச் சுற்றிவளைப்பில் பிடித்து இராணுவ முகாமில் வைத்திருந்தார்கள். பெற்றோர், மனைவி மட்டும்தான் பார்க்கலாம். சிவத்துக்குப் பெற்றோர் இல்லை. இவளோ இன்னும் மனைவியில்லை.

“அண்ணன், ஒரு கடிதம் அடிச்சுத் தாங்க. நீங்களும் கூட வாங்க.”

நிச்சயிக்கப்பட்டவர் என்பதற்கு ஃபியான்ஸே என்று அடித்தேன். கடைசியில் ஒரு ‘ஈ’யா, இரண்டா? நூலகத்துக்குப் போய்த் தடித்த அகராதியைப் புரட்டினேன். நல்லவேளை! இரண்டு போட்டால் பெண்ணாம். சிவத்தைப் பெண்ணாக்கப் பார்த்தேன். ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சிலிருந்து வந்த சொல், அதன் வேரில் இருப்பது நம்பிக்கையும் வாக்கும் என்பதையும் அங்கேதான் வாசித்தேன்.

முகாம் வாசலில் அதிகாரி, “மனைவியா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை என்றேன்.

“அப்படியானால் இது என்ன?” விரல் அந்தச் சொல்லில் நின்றது.

என் ஆங்கிலமெல்லாம் ஓடி ஒளிந்துகொண்டது. அகராதியில் கண்டதைத்தான் ஒப்புவித்தேன். “பிரெஞ்சுச் சொல், சேர். வாக்குக் கொடுத்தவர் என்று அர்த்தம்.”

அவர் யோகமலரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “பத்து நிமிஷம்.”

திரும்பி வரும்போது அவள் பாலத்தில் நின்றாள். வாவியைப் பார்த்தபடி சொன்னாள். “வேற ஆளப் பாத்துக் கட்டு எண்டு சொல்றார், அண்ணன்.”

“நீ என்ன சொன்னாய்?”

“நீங்க தந்த வாக்க நீங்க திருப்பி எடுங்க, நான் தந்தத எடுக்கமாட்டன் எண்டு சொல்லிட்டு வந்திட்டன்.”

எட்டு மாதம் கழித்துச் சிவம் பாதி ஆளாக வெளியே வந்தார். கலியாணத்துக்கு நாங்கள் ஏழு பேர். ஊரடங்குக்கு முன் அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினோம். இப்போது அவர்கள் சுவிஸில்.

அந்த அலுவலகம் இல்லை. முகாமும் இல்லை, அந்த இடத்தில் பிள்ளைகள் பந்தடிக்கிறார்கள். அன்றைக்கு முகாம் வாசலில் எங்களுக்குப் பின்னால் ஒரு பெண் சோற்றுப் பார்சலோடு நின்றாள். “எனக்கும் ஒண்டு எழுதித் தருவீங்களா, தம்பி?” என்று கேட்டாள். நாளைக்கு வாறன் என்றேன். மறுநாள் முழுக்க ஊரடங்கு. அதற்கு அடுத்த நாள் தாளும் பேனையுமாகப் போனேன். அவளைக் காணவில்லை. பேரையாவது கேட்டு வைத்திருக்கலாம்.